ஏ.சி. இல்லாத கார்: நங்கநல்லூரிலிருந்து ஒரு வீட்டுக் கணக்கு

ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, நான்கு நாள்கூட ஆகவில்லை. கார் மெக்கானிக் ஷெட்டில் நின்றது. கிளட்ச், முன்பக்க சஸ்பென்ஷன், ஏ.சி. கம்ப்ரசர். மூன்றும் சேர்த்து 62,000 ரூபாய் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடை பில்லின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார் மெக்கானிக். 2014இல் வாங்கிய சின்ன பெட்ரோல் வண்டி. “சார், இதுல இன்னும் காசு போடணுமான்னு யோசிச்சுக்குங்க” என்று அவரே சொன்னார். தொழில் செய்கிறவர் இப்படிச் சொன்னால் யோசிக்கத்தான் வேண்டும்.

சென்னை நங்கநல்லூரில் எங்கள் வீட்டில் நான்கு பேர். எனக்கு ஆயிரம் விளக்குப் பக்கம் அலுவலகம். மனைவிக்குச் சோழிங்கநல்லூர், ஸ்கூட்டரில் போய்வருகிறாள். எட்டாவது படிக்கும் மகன் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறான். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தகராறு. அப்போதைய வழக்கப்படி தினமும் காரை எடுத்தது நான் ஒருவன்தான். போகும்போது மூன்று சீட் காலி, வரும்போதும் மூன்று சீட் காலி.

முன்னால் இருந்த வழிகள் மூன்று. கடன் போட்டுப் புதுக் கார். இருப்பதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மெட்ரோ, மின்சார ரயில், ஆட்டோ, வாடகை வண்டி என்று இருப்பது. அல்லது இதையே சரிசெய்து வைத்துக்கொள்வது. மின்சாரக் கார் என்று மகன் நான்காவதாக ஒன்று சொன்னான். எங்கள் அடுக்குமாடியில் மோட்டார் ரூம் பில்லுக்கே மாதாமாதம் பஞ்சாயத்து. சார்ஜர் வைக்க ஒயர் இழுப்பதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை. அதை அங்கேயே விட்டோம்.

புதுக் காருக்குக் காலமும் சாதகமாகத்தான் இருந்தது. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி சின்னக் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கும் ‘சென்னை ஒன்’ செயலியைத் தொடங்கிவைத்ததும் அதே செப்டம்பர் 22இல்தான். ஒரே நாளில் ஒரு கை காரை நம் பக்கம் தள்ளியது, இன்னொரு கை ரயிலை நம் பக்கம் தள்ளியது. எங்கள் தெருவில் அந்த மாதம் மூன்று புதுக் கார் வந்தன. செயலியைப் பற்றிப் பேசியவர் யாரும் இல்லை.

முதலில் பணம். கார் வேண்டாம் என்று வாதாடுகிறவர்கள் வழக்கமாக ஒரு தப்பு செய்வார்கள்: இ.எம்.ஐ. முழுவதையும் செலவு என்று எழுதிவிடுவார்கள். கடைசியில் வண்டி என்று ஒரு பொருள் கையில் இருக்கிறதல்லவா? அதனால் நான் வேறு மாதிரி போட்டேன். ஷோரூம் விலை ஏழரை லட்சம். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரைக்குமான கார்களுக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம், அது மட்டும் லட்சத்தை நெருங்கும். காப்பீடு எல்லாம் சேர்த்து சாலைக்கு வரும்போது ஒன்பது லட்சம். எட்டு வருடம் ஓட்டி இரண்டரை லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் ஆறரை லட்சம், அதாவது மாதம் 6,800. ஏழு லட்சம் கடனுக்கு 9 சதவீதத்தில் ஐந்து வருட வட்டியை எட்டு வருடத்துக்குப் பரப்பினால் மாதம் 1,800. காப்பீடு 2,500. சர்வீஸ், டயர் 1,200. அலுவலகம் போய்வர 26 கிலோமீட்டர், மாதம் 22 நாள். ஊர் நெரிசலில் லிட்டருக்குப் பன்னிரண்டுதான் கொடுக்கும், பெட்ரோல் 101 ரூபாய். ஆக 4,800. ஞாயிறு, கோயில், கல்யாணம் என்று இன்னொரு 1,200. மொத்தம் 18,300.

கார் இல்லாத கணக்கு: மெட்ரோவும் ரயிலும் கலந்து மாதம் 1,200. ஸ்டேஷனுக்கு ஆட்டோ எடுக்கும் நாள்களுக்கு 900. அம்மாவை மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்வர டாக்சி 1,600. வார இறுதிக்கு 2,500. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மதுராந்தகம் பக்கம் ஊருக்குப் போக டிரைவரோடு வாடகைக் கார், மாதக் கணக்கில் 2,250. மொத்தம் 8,450.

பழையதைச் சரிசெய்து வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு மட்டும் ரயிலில் போனால்? வண்டியின் 15 வருடப் பதிவு 2029இல் முடிகிறது. 62,000ஐ நான்கு வருடத்துக்குப் பிரித்தால் 1,300. இன்று விற்றால் கிடைக்கும் 1,40,000 ரூபாய்க்கான வட்டி, விலை இறங்குவது எல்லாம் 2,500. காப்பீடு 700, பெட்ரோல் 2,000, திடீர்ச் செலவு 1,500. ரயில், ஆட்டோ 2,100. மொத்தம் 10,100.

இந்தத் தாளை மனைவியிடம் காட்டினேன். அவள் மொத்தத்தைப் பார்க்கவில்லை. “புதுக் கார் வாங்கி ஆபீசுக்கு மட்டும் மெட்ரோவுல போனா எவ்வளவுங்க ஆகும்?” என்று கேட்டாள். போட்டுப் பார்த்தேன். 15,600. பதினெட்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரத்து எழுநூறுதான் இறங்குகிறது.

எனக்குக் கண் திறந்தது அங்கேதான். காரில் பெரிய செலவு ஓடுவதால் வருவதில்லை. சும்மா நிற்பதற்கே வருகிறது. வாங்கியாயிற்று என்றால் ஒரு நாள் அலுவலகம் போய்வர பெட்ரோல் 220 ரூபாய்க்குள் அடங்கும். மெட்ரோவும் ஆட்டோவும் சராசரியாக 95 ரூபாய். 125 ரூபாய்க்காக வியர்வையில் நனைந்து யார் போவார்கள்? நானே போகமாட்டேன். “காரும் இருக்கட்டும், முடிந்தபோது பொதுப் போக்குவரத்தில் போய்க்கொள்கிறேன்” என்று புதுக் கார் வாங்கியவர்கள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். ஷோரூமில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே அந்த ‘முடிந்தபோது’ முடிந்துபோயிற்று.

சரி, பணத்தை ஓரம் வைப்போம். உண்மையில் கார் இல்லாமல் இருக்க முடியுமா?

ஐப்பசி ஒரு மாதம் சோதித்துப் பார்ப்பதென்று முடிவு. வண்டியை ஒப்புக்குக் கிளட்ச் மட்டும் டைட் செய்து ஷெட்டிலிருந்து எடுத்து வந்து கீழே நிறுத்தினோம். சாவியை அம்மாவின் பீரோவில் வைத்தாயிற்று. “சாவிய என்கிட்ட குடுத்துட்டு நடுராத்திரி வந்து கேக்காதடா” என்றார் அம்மா. வேண்டுமென்றே மழை மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். தை மாசியில் சோதித்தால் எந்த ஊரிலும் நடந்தே போய்விடலாம்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு ஸ்டேஷன். பழவந்தாங்கல் மின்சார ரயில் நிலையம் பன்னிரண்டு நிமிட நடை. கடற்கரை – தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். இன்றைக்கும் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சாதாரண வண்டியில் பத்து ரூபாய்தான். இந்தக் கட்டணத்தில் இந்த ஊரில் வேறு எதுவும் கிடைக்காது. நுங்கம்பாக்கத்தில் இறங்கினால் அலுவலகத்துக்கு இன்னொரு பத்துப் பதினைந்து ரூபாய் ஷேர் ஆட்டோ. 2025 ஏப்ரலிலிருந்து செங்கல்பட்டு வரை ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது, குறைந்தபட்சம் 35 ரூபாய். நமக்குத் தோதான நேரத்தில் வந்தால் ராஜயோகம். எனக்கு அந்த மாதத்தில் இரண்டு முறை வாய்த்தது.

இன்னொன்று நங்கநல்லூர் சாலை மெட்ரோ. ஜி.எஸ்.டி. சாலையில் (வரி இல்லை, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) இருக்கிறது. அங்கிருந்து ஆயிரம் விளக்குக்கு ஒரே வண்டி, மாறவே வேண்டாம். கட்டணம் பத்திலிருந்து ஐம்பது ரூபாய்க்குள். க்யூ.ஆரில் எடுத்தால் இருபது சதவீதம் தள்ளுபடி. காரில் காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பினால் கத்திப்பாராவில் ஒரு நிறுத்தம், கிண்டியில் ஒரு நிறுத்தம், அப்புறம் அண்ணா சாலையில் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே அப்போது நடந்துகொண்டிருந்த 3.2 கிலோமீட்டர் மேம்பால வேலை. ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் ஒன்றே கால். மெட்ரோவில் வீட்டுக் கதவிலிருந்து நாற்காலி வரை ஐம்பது நிமிடம், ஒரு நாளும் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. சராசரி நேரத்தைவிட இந்த மாறாத தன்மைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பத்து மணி மீட்டிங்குக்கு ஒன்பது மணிக்குக் கிளம்ப முடிந்தது.

ஆனால் அந்த ஐம்பது நிமிடத்தில் வண்டிக்குள் இருப்பது இருபது நிமிடம் சொச்சம். மீதி எல்லாம் வீட்டிலிருந்து ஸ்டேஷன் போகிற பாடு. எங்கள் பக்கத்து வீடுகளுக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் நடுவே ரயில் பாதை. அதைத் தாண்டப் பழவந்தாங்கல் சுரங்கப்பாதை. மழை பெய்தால் அந்தச் சுரங்கப்பாதை என்ன ஆகும் என்று நங்கநல்லூர்க்காரர்களிடம் கேட்க வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்தாலே போதும். சோதனையின் ஒன்பதாவது நாள் காலை ஏழு மணிக்குப் போய் நின்றேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல். தடுப்பு வைத்து ஒரு போலீஸ்காரர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். சுற்றிக்கொண்டு போக ஆட்டோவைக் கேட்டால் 180 ரூபாய். மீட்டர் கட்டணம் 2013இல் நிர்ணயித்தபடி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அந்தக் கட்டணத்தில் இன்று ஓட்ட முடியாது என்பதும் நியாயம்தான், 180 அநியாயம் என்பதும் நியாயம்தான். நான் திரும்பி நடந்து பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்குப் போனேன். அது எங்கள் பக்கமே இருப்பதால் சுரங்கப்பாதையைத் தாண்ட வேண்டியதில்லை. அன்றைக்கு ரயில் இருபது நிமிடத் தாமதம், ஆனால் வந்தது. படிக்கட்டு வரை கூட்டம். எனக்கு முன்னால் நின்றவரின் சாப்பாட்டுப் பையிலிருந்து ரசம் கசிந்து என் செருப்பில் சொட்டியது. கிண்டியில் பாதிப் பெட்டி காலியானதும் இரண்டு பேரும் அதைப் பார்த்து ஒன்றும் பேசாமல் நின்றோம்.

டிக்கெட்டை ஒரு செயலியில் கொண்டுவந்தது நல்ல வேலை. கவுன்ட்டரில் நிற்பது மிச்சம். ஸ்டேஷனுக்குப் போகிற அந்த ஒன்றரை கிலோமீட்டரில் விளக்கும் நடைபாதையும் தண்ணீர் நிற்காத சுரங்கப்பாதையும் இருந்தால் இன்னும் பத்துக் கார் எங்கள் தெருவில் குறையும் என்று அடித்துச் சொல்வேன். சிறு பேருந்து உண்டு. வரும்போது வரும்.

பேருந்தைப் பற்றிக் குறைவாக எழுதுகிறேன், ஏனென்றால் குறைவாகத்தான் ஏறினேன். மாதம் 1,000 ரூபாய்க்கு ஏ.சி. இல்லாத மாநகரப் பேருந்துகளிலும், 2,000 ரூபாய்க்கு ஏ.சி. வண்டியிலும் சேர்த்து எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். பஸ் வசதியான பாதையில் இருப்பவருக்கு இதைவிட மலிவாக எதுவும் அமையாது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா மடிப்பாக்கத்திலிருந்து வருகிறார். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்று ஆனதிலிருந்து பஸ்ஸுக்குக் காசு எடுத்துவைப்பதில்லை. இந்தக் கட்டுரையில் நான் போடுகிற கணக்கெல்லாம் அவருக்குச் சிரிப்பாக இருக்கும்.

மனைவியின் பக்கம்தான் சோதனை தோற்றது. ஸ்கூட்டரில் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு ஐம்பது நிமிடம். அவளும் மூன்று நாள் பேருந்தில் போய்ப் பார்த்தாள். மாறி ஏறி, நின்று, ஒரு வழிக்கே ஒன்றே முக்கால் மணி. நான்காம் நாள் ஒன்றும் சொல்லாமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒரே வீடு, இரண்டு அலுவலகம். எனக்குப் பொதுப் போக்குவரத்து காரைவிட வேகம். அவளுக்கு ஸ்கூட்டரின் இரண்டு மடங்கு நேரம். “எல்லோரும் காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள்” என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் என் மாதிரி பாதையில் குடியிருப்பவர்கள்.

இங்கேதான் நாள்காட்டி உள்ளே வருகிறது. மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். அதில் மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் 47 கிலோமீட்டர். ஆலந்தூர், ஆதம்பாக்கம், வாணுவம்பேட்டை, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று அவள் ஸ்கூட்டர் போகிற பாதையை அப்படியே ஒட்டி வருகிறது. இப்போது அவள் தினமும் தூசி குடிப்பதே அந்தத் தூண்களுக்கு நடுவில்தான். அது திறந்தால் அவளுடைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஸ்கூட்டர் நேரத்துக்குக் கீழே வந்துவிடும்.

திறந்தால். அறிவித்த தேதியை நம்பி வீட்டுக் கணக்குப் போடக் கூடாது என்பதற்கு எங்கள் வீட்டு மொட்டை மாடி அளவுக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயிலை (பாலத்தின் மேல் ஓடும் நகர ரயில்) நீட்டும் வேலை, வெறும் ஐந்து கிலோமீட்டர், 2008இல் தொடங்கியது. நில வழக்கில் ஆதம்பாக்கம் பக்கம் பாதியில் நின்ற பாலத்தைப் பார்த்துப் பார்த்தே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கல்லூரி முடித்துவிட்டார்கள். பதினைந்து வருடங்களுக்கு மேல் இழுத்த அந்த ஐந்து கிலோமீட்டரை மனதில் வைத்துத்தான் 47 கிலோமீட்டரைப் பற்றிப் பேச வேண்டும்.

அதற்காகவே புதுக் கார் எனக்கு இன்னும் தப்பாகத் தெரிந்தது. இன்று வாங்கினால் 2033 வரை என்னைக் கட்டிப்போடும். 2033இல் எங்கள் வீட்டைச் சுற்றி என்ன ஓடும் என்று தெரியாமல் 2025இன் வரைபடத்தை வைத்து முடிவெடுப்பதாகும். நான்கு வருடம் தாக்குப்பிடிக்கிற ஏதாவது ஒன்று போதும்.

அப்படியானால் விற்றுவிடலாமே, அதுதானே மலிவு? என் கை அங்கேதான் போயிற்று. நிறுத்தியது அம்மா. பகலில் அம்மாவுக்குக் கார் தேவையில்லை. மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது. அந்த மாதம் ஒரு நாள் வடபழனி முருகனை மெட்ரோவில் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார். 2024இலிருந்து மாநகரப் பேருந்திலும் தாழ்தள வண்டிகள் மறுபடி வரத் தொடங்கியிருக்கின்றன. அதில் கால் தூக்காமல் ஏறலாம். பறக்கும் ரயில், மின்சார ரயில் நிலையங்களின் படிக்கட்டுதான் அவருக்கு ஆகாது. பிரச்சினை இரவு. ஐப்பசி இருபத்திரண்டாம் தேதி இரவு ஒன்றே கால் மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மழை. செயலியில் மூன்று டாக்சி ஏற்றுக்கொண்டு மூன்றும் ரத்து செய்தன. 108க்கு அழைத்தேன், வருகிறோம் என்றார்கள். அதற்குள் அம்மாவே பீரோவைத் திறந்து சாவியை எடுத்து நீட்டிவிட்டார். பன்னிரண்டு நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வெறும் வாயுத் தொல்லைதான், காலையில் இட்லி கேட்டார். ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மாதம் 1,650 ரூபாய் என்று எழுதலாம். விற்பதற்கும் வைத்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். வயதானவர்களோ கைக்குழந்தையோ இல்லாத வீடாக இருந்தால், ரயில் ஸ்டேஷன் நடக்கிற தூரத்தில் இருந்தால், விற்றுவிடுங்கள் என்றே சொல்வேன். இரண்டு பேரும் சோழிங்கநல்லூர் வழியாகப் போகும் ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் வேலை பார்க்கிறவர்கள் என்றால் இப்போதைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வேலைக்குப் பக்கத்தில் வீடு மாற்றுவதையும் ஒரு வழியாகக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள், சில சமயம் வாடகை வித்தியாசம் காரின் மாதச் செலவைவிடக் குறைவாக இருக்கிறது.

கார் இருந்தால் பாதுகாப்பு என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெருமழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துகிற ஊர் இது. அந்த இரவுகளில் நாம்தான் காரைக் காப்பாற்றுகிறோம்.

ஆக, பழையதையே சரிசெய்கிறோம். ஒரே ஒரு பயம் மிச்சமிருந்தது. நன்றாக ஓடுகிற வண்டி கீழே நின்றால் மார்கழிக்குள் நான் மறுபடி அண்ணா சாலையில் நின்றுகொண்டிருப்பேன். சும்மா நிற்பதற்கான செலவைக் கொடுத்தாயிற்று, பெட்ரோல்தானே என்று மனம் சொல்லும். அதனால் மெக்கானிக்கிடம் கிளட்சும் சஸ்பென்ஷனும் மட்டும் போடச் சொன்னேன். ஏ.சி. கம்ப்ரசர் வேண்டாம். பில் 31,000க்கு இறங்கியது, மாதக் கணக்கும் 9,450 ஆயிற்று. வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிண்டி சிக்னலில் ஆறு நிமிடம் நிற்க எனக்குத் தைரியம் கிடையாது என்று எனக்குத் தெரியும். இரவு ஆஸ்பத்திரிக்கும் ஞாயிறு காலை ஆஞ்சநேயர் கோயிலுக்கும் ஏ.சி. தேவையில்லை.

மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அம்மாவுக்குக் காற்று வந்தால் சந்தோஷம். மகன் நண்பர்களிடம் இதைச் சொல்லவில்லை. இந்த ஏற்பாடு சித்திரை வரைக்கும்தான், அதற்கப்புறம் தான் அந்த வண்டியில் உட்காரப் போவதில்லை என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.